மாடிக்கு அனுமதி இல்லாததால வந்த நோட்டீஸ்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டுல கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கிட்டு மாடியைச் சும்மா எழுப்பினதுக்கு நோட்டீஸ் வந்திருக்குன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல வேலையை நிறுத்துங்க. நோட்டீஸ் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு பாருங்க. 57ன்னா வேலையை நிறுத்தும் உத்தரவு. 56ன்னா இடிக்கச் சொல்றது. ஆனா அதுல போட்டிருக்கிற கெடுவுக்குள்ள, கட்டினதை வச்சுக்க 49-ஆம் பிரிவுல மனு போடலாம். கெடு தாண்டினா சிக்கல்தான்.

தீர்வை ரசீதை நம்பாதீங்க, வரி கட்டினா அனுமதி ஆயிராது. அதே சட்டத்துல அனுமதியில்லாத கட்டடத்தை முறைப்படுத்துற 113-சி வரன்முறை, 1.7.2007 வரைக்கும் கட்டினதுக்குத்தான்.

பதிவு பெற்ற இன்ஜினியரை வச்சு இப்போ நிக்கிற கட்டடத்தை அளந்து வரையச் சொல்லுங்க. பட்டா, எஃப்எம்பி (நிலத்தோட அளவு வரைபடம்), பத்திரம், பழைய பிளான் கூடவே இருக்கணும். பெரும்பாலும் மாட்டுறது, வீட்டுக்குப் பக்கவாட்டுல விட வேண்டிய காலியிடத்துலதான். கொத்தனார் பேச்சைக் கேட்டு மாடிச் சுவரை ரெண்டடி வெளியே தள்ளியிருப்பாங்க. அந்த நீட்டலை மட்டும் கட்டரால அறுத்து எடுத்தா மிச்சத்துக்கு மனு நிக்க வாய்ப்பு உண்டு. சம்மட்டியால அடிக்க விடாதீங்க, ஸ்லாப் முழுக்க விரிசல் ஓடும்.

இன்னொண்ணு, ஒரு தூண் பக்கத்துல குழி தோண்டி அஸ்திவார அளவைப் பாருங்க. கரிசல் மண்ணுன்னா கட்டாயம் பாக்கணும். ஒரு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரம்னா, அனுமதி கிடைச்சாலும் அந்த மாடியில குடியிருக்க முடியாது.