ஸ்ட்ரெஸ் ஹார்மோனை ரத்தத்திலிருந்து வெளியேற்றப் பொடி வேண்டுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் பாம்பனில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போன மாதம் நடுக்கடலில் சூறைக்காற்றில் சிக்கிப் படகு கவிழப் பார்த்தது. எப்படியோ தப்பிக் கரை சேர்ந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை. ‘பயத்தில் சுரந்த ஹார்மோன் ரத்தத்திலேயே தங்கிவிட்டது, இது அதைக் கழுவி வெளியேற்றும்’ என்று ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள். அதிமதுரம் அதிகம் சேர்ந்ததாம். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன். கொடுக்கலாமா? கார்டிசால் டெஸ்ட் எடுக்கவும் சொல்கிறார்கள். எப்போது எடுப்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பொடியைக் கொடுக்காதீர்கள். போன மாதம் சுரந்த ஹார்மோன் இப்போது அவர் ரத்தத்தில் இல்லை. அன்றைக்கே போய்விட்டது.

பயந்த நொடியில் முதலில் வருபவை அட்ரினலினும் நார்அட்ரினலினும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினைக் கொட்டுகிறது. நார்அட்ரினலின் பெரும்பாலும் நரம்பு முனைகளிலிருந்து கசிந்து ரத்தத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் ரத்தத்தில் ஆயுள் மிகக் குறைவு. 2, 3 நிமிடத்தில் பாதி காலியாகும். மேற்கொண்டு சுரக்காவிட்டால் கால் மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். நார்அட்ரினலினில் பெரும்பங்கை அது வெளிவந்த நரம்பு முனையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மீதியைக் கல்லீரல், சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகளில் இருக்கும் ‘காம்ட்’, ‘மாவோ’ என்ற இரண்டு நொதிகள் சிதைக்கின்றன. மிச்சக்கழிவு சிறுநீரில் போகும். நரம்பு இப்படித் திரும்ப உறிஞ்சுவதையும் காம்ட் நொதியையும் கண்டறிந்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். 1970-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர்.

ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்று பலரும் சொல்லும் கார்டிசால் கொஞ்சம் மெதுவானது. மூளையிலிருந்து அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் அங்கிருந்து அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்கும் உத்தரவு போய்ச் சேர வேண்டும் என்பதால், பயந்த 20, 30 நிமிடத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் 90 சதவீதத்துக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஒட்டாமல் இருக்கும் சிறு பங்குதான் வேலை செய்கிறது. பாதியாகக் குறைய 1 முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். கல்லீரல் அதன் வடிவத்தை மாற்றிச் செயலிழக்க வைத்து, தண்ணீரில் கரையும் ஒரு பொருளோடு சேர்த்து அனுப்ப, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. கார்டிசாலாகவே சிறுநீரில் போவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும், வேர்க்க வேர்க்க வெயிலில் நின்றாலும் கார்டிசால் வேகமாகப் போய்விடாது. வேலை நடக்கும் இடம் கல்லீரல். அவசரப்படுத்தத் தேவையில்லாமலே அது இந்த வேலையைத் தினமும் செய்கிறது.

பிறகு ஏன் படபடப்பு? புதிதாகச் சுரந்துகொண்டே இருப்பதால்தான். படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதும், காற்றுச் சத்தம் மாறும்போதும் மூளை அதே உத்தரவை மறுபடி போடுகிறது. அதோடு, ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு விடியலில் கரை இறங்குகிறவருக்கு இன்னொரு சிக்கல்: எல்லோருக்குமே கார்டிசால் நடுராத்திரியில் மிகக் குறைவாகவும் காலை 6 முதல் 8 மணிக்குள் மிக அதிகமாகவும் இருக்கும். அவர் படுக்கப் பார்க்கும் நேரத்தில் உடம்பு எழுந்திருக்கப் பார்க்கிறது.

இனி அதிமதுரம். இருமலுக்கு ஒரு சிட்டிகையை இரண்டு நாள் நாக்கில் வைப்பது வேறு, தினம் இரண்டு ஸ்பூன் விழுங்குவது வேறு. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனுக்கென்று ஏற்பிகள், அதாவது அது வந்து பொருந்தும் இடங்கள், இருக்கின்றன. கார்டிசாலும் அந்த ஏற்பியில் அப்படியே பொருந்தும். பொருந்திவிட்டால் உப்பும் தண்ணீரும் உடம்பில் தேங்கும். அதைத் தடுக்கவே அங்கே ஒரு நொதி, வரும் கார்டிசாலை எல்லாம் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. ஆக, கார்டிசாலை அடக்கும் ஒரு வழியை அடைக்கிற பொருளைக் கார்டிசாலை வெளியேற்றும் மருந்தென்று விற்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கித் தசை சோரும். பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஐரோப்பிய உணவு அறிவியல் குழு சொன்ன வரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். வேரில் 4 சதவீதம்தான் இருக்கிறது என்று வைத்தாலும் 5 கிராம் பொடியில் 200 மில்லிகிராம். ஏற்கெனவே சில நாள் கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு பி.பி. பாருங்கள்; விளைவு முழுதாக அடங்க ஓரிரு வாரம் ஆகலாம். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும்.

செய்ய வேண்டியதெல்லாம் சுரப்பதைக் குறைப்பதுதான்.

கரை இறங்கியதும் முதலில் தண்ணீரும் உப்பும். இது ஹார்மோனைக் கழுவ இல்லை. வேர்த்து உடம்பில் நீர் வற்றினால் அதனாலேயே இதயம் வேகமாக அடிக்கும். அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பயப்படுவார். உப்புப் போட்ட நீராகாரம் இரண்டு டம்ளர் போதும். ரொம்ப வாடியிருந்தால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

அடுத்தது மூச்சு. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 முதல் 10 நிமிடம். வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பை இறக்கும்; அதனால் விடும் நேரம் நீளமாக இருப்பது முக்கியம். பலர் இதில்தான் தவறுகிறார்கள். ‘நல்லா இழுத்து விடு’ என்று சொன்னதும் நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, தலை சுற்றி, படபடப்பு கூடிவிடும். விரல் மரத்தால் மூச்சைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

டீயும் பீடியும் அடுத்தது. காபீன் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் படுப்பவர் படகில் கடைசி டீயை ராத்திரி 1 மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பீடியின் நிகோட்டின் அட்ரினல் சுரப்பியையே நேரடியாகத் தூண்டும். மனசு ஆறியது போல் தோன்றினாலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும். தூக்கத்துக்கென்று சாராயம் வேண்டாம். தூங்க வைத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுப்பிவிடும், கார்டிசாலையும் ஏற்றும்.

சாப்பிட்டுவிட்டு 15, 20 நிமிடம் சாதாரணமாக நடக்கலாம். பயத்தில் ரத்தத்துக்கு வந்த சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்ளும். ஓட வேண்டாம், கடும் உழைப்பு இந்த ஹார்மோன்களைக் கூட்டும். பிறகு ஜன்னலை மறைத்து இருட்டாக்கிய அறையில், செல்போன் இல்லாமல் படுக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே பலன் அதிகம்.

கார்டிசால் டெஸ்ட்டை இப்போது எடுக்காதீர்கள், பணம் வீண். ராத்திரி விழித்தவருக்கு எடுத்தால் வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஊசியைக் கண்டு பயந்தாலே ஏறிவிடும். டாக்டர் அவசியம் என்று சொன்னால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். இரண்டு மூன்று வாரம் ராத்திரியில் ஒழுங்காகத் தூங்கிய பிறகு, காலை 8 மணிக்கு, அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறிய பின் எடுக்கலாம். மூட்டு வலி மாத்திரை, ஊசி, தோல் கிரீம் என்று எந்த வடிவத்தில் ஸ்டீராய்டு எடுத்திருந்தாலும் சொல்லிவிட வேண்டும், எண்ணையே மாற்றிவிடும். பல வாரமாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையை டெஸ்ட்டுக்காகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அட்ரினல் சுரப்பி அதற்குள் வேலையைக் குறைத்திருக்கும்.

இப்போதைக்கு பி.பி., ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச். – இவை போதும். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். தலைவலி, வேர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்து, அப்போது பி.பி.யும் எகிறினால் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை தேவை. காம்ட் நொதி அட்ரினலினைச் சிதைத்த கழிவின் அளவுதான் அது. அட்ரினலில் கட்டி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறலோடு வேர்வை என்றால் பயமா ஸ்ட்ரெஸ்ஸா என்று யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகியும் கனவில் திரும்பத் திரும்ப வருகிறது, கடலுக்குப் போக மனம் ஒப்பவில்லை என்றால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. பேச்சு வழிச் சிகிச்சைக்கு நன்றாகவே குணமாகும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 கட்டணம் இல்லாத எண்; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர் தயங்கினால் முதல் அழைப்பை நீங்களே செய்யலாம்.