15 நொடிப் பாட்டு யார் வேலை?

கேள்வி: ஜப்பான் டிவியில் வரும் நொறுக்குத்தீனி, குளிர்பான, சாக்லேட் விளம்பரங்களை யூடியூபில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள். அத்தனை நல்ல இசைக்கலைஞர்கள் இருக்கும் நாட்டில் இதையெல்லாம் எழுதுபவர்கள் யார்? வேறு வாய்ப்புக் கிடைக்காதவர்களா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. அந்த நாட்டின் முன்னணி இசையமைப்பாளர்கள்தான். கேள்வியோடு தீர்ப்பையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் நானும் நேராகவே சொல்கிறேன்: சில கூச்சல் விளம்பரங்களைக் கேட்டுவிட்டு, எழுபது ஆண்டுக்கும் மேலான ஒரு இசைத்துறையையே ஒதுக்கித் தள்ளுவது நியாயமில்லை.

ஜப்பானில் தனியார் வானொலி தொடங்கியது 1951 செப்டம்பரில். அந்த ஆண்டே தொரிரோ மிக்கி என்பவர் கேமராவுக்கான ஃபிலிம் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்காக எழுதியதைத்தான் அங்கே முதல் விளம்பரப் பாட்டு என்கிறார்கள். அதில் கம்பெனியின் பெயரே வராது! எடுத்த படமெல்லாம் மங்கலாகிப் போகிறதே என்று ஒரு கத்துக்குட்டி கேமராக்காரன் புலம்புகிறான், அவ்வளவுதான். பொருளைக் கூவி விற்காமலே கேட்பவர் மனதில் உட்காரலாம் என்பதை அந்தத் துறை முதல் அடியிலேயே தெரிந்துகொண்டது. கிரின் லெமன் குளிர்பானத்தின் பாட்டும் பிற்பாடு இதே மிக்கி போட்டதுதான்.

அடுத்த தலைமுறையில் அசேய் கோபயாஷி. 2021இல் காலமானார். சன்டோரி ஓல்ட் விஸ்கிக்கு 1960களின் பின்பகுதியில் அவர் போட்ட மெட்டை எப்படியாவது தேடிக் கேளுங்கள். வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, டன் டன் டி டன் என்று ஒரு ஆண் குரல் மெதுவாக நடந்து போகும், வேலை முடிந்து இருட்டிய பிறகு ஒரு மனிதன் தனியாக உட்காரும் நேரம் முழுக்க அந்தக் குரலில் இருக்கும், விஸ்கி பாட்டில் திரையில் தெரிவதற்கு முன்பே இது எதைப் பற்றிய விளம்பரம் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். பல பத்தாண்டுகள் அதே மெட்டைத்தான் ஆளையும் வாத்தியத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மெய்ஜியின் செல்சி மிட்டாய்க்கு 1970களின் தொடக்கத்தில் வந்த பாட்டும் இவருடையதுதான். விற்பனை குறைந்து 2024 மார்ச்சில் அந்த மிட்டாயையே கம்பெனி நிறுத்திவிட்டது. மெட்டை இன்றும் வாய்விட்டுப் பாடக்கூடியவர்கள் அங்கே ஏராளம்.

சரி, எய்ச்சி ஓதாக்கிக்கு வருவோம். 1973இல் மிட்சுயா சைடர் என்ற சோடா பானத்துக்குப் பாட்டு எழுதும்போது, ஜப்பானிய ராக்கின் மிக முக்கியமான குழுக்களில் ஒன்றை அப்போதுதான் முடித்துவிட்டு வெளியே வந்திருந்தார். அந்தப் பாட்டைத் தன் மற்ற பாட்டுகளுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு ஒலிப்பதிவு செய்தார். 1977இல், விளம்பரத்துக்காக எழுதியவற்றைத் தொகுத்துத் தனி ஆல்பமாகவே கொண்டுவந்தார். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை என்று நினைப்பவர் அதை மறைப்பார், தன் பெயரைப் போட்டு ஆல்பமாக வெளியிட மாட்டார்.

நீங்கள் குறை சொல்லும் 'ஒரே வரி' விஷயத்துக்கும் பதில் இருக்கிறது. கொய்கெயா கம்பெனியின் பொலிங்கி, ஸ்கோன் நொறுக்குத்தீனி விளம்பரங்களை உருவாக்கியவர் மசாஹிகோ சாத்தோ. பொருளின் பெயரே தாளமாகிவிடும், அதையே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். உங்களுக்கு அது கத்தல். சாத்தோவுக்கு அதுதான் கட்டுமானம். முதலில் ஒலியை முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி படத்தை அமைப்பது அவர் முறை. ஜப்பானில் ஒரு சாதாரண விளம்பரத்தின் நீளம் 15 நொடி, அதற்குள் சரணம், இடையிசை என்றெல்லாம் போக முடியாது, ஒரு சொல்லை எந்த இடத்தில் தட்டினால் நிற்கும் என்று தெரிந்தவருக்கு மட்டுமே அங்கே வேலை. இதே சாத்தோ 1999இல் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றுக்காகக் கொழுக்கட்டைச் சகோதரர்கள் மூவரைப் பற்றி எழுதிய பாட்டு ஏறக்குறைய 30 லட்சம் சிடி விற்றது.

எனக்கும் ஒரு குறை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். 1980களிலிருந்து, பொருளுக்கென்று பாட்டு எழுதுவது குறைந்து, வெளிவரப்போகும் பாப் பாட்டை விளம்பரத்தோடு சேர்த்துவிடும் 'டை-அப்' முறை ஓங்கிவிட்டது. கம்பெனிக்குப் பிரபலமான குரல் கிடைக்கும், இசைக் கம்பெனிக்கு இலவச விளம்பரம் கிடைக்கும், இரண்டு பேருக்கும் லாபம். 1985இல் கப் நூடுல்ஸ் விளம்பரத்தில் வந்த ராக் பாட்டுகள், 1993இல் போக்காரி ஸ்வெட்டுக்கு ஸார்ட் குழு, அடுத்த ஆண்டு அதே பானத்துக்கு டீன் குழு, எல்லாமே பெரிய ஹிட். நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை. கோடை, வியர்வை, இளமை என்று போக்காரிக்குப் பொருந்தவும் செய்தன. ஆனால் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் கடையில் எடுத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரிகிறது. அதே பாட்டைத் தூக்கி ஒரு கார் விளம்பரத்தில் வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கோபயாஷியின் விஸ்கி மெட்டை அப்படித் தூக்கி வைக்க முடியாது. 15 நொடியில் எது காதில் விழும் என்று கணக்குப் போட்டுப் பல்லவியிலேயே உச்சத்தை வைத்துப் பாட்டு எழுதும் பழக்கமும் இதோடு வளர்ந்தது. பாப் இசைக்கு அது நல்லதில்லை என்பது என் கருத்து.

விளம்பரப் பாட்டில் ஒரு நாட்டின் காலமே பதிவாகும் என்பதற்கு ரீகெய்ன் போதும். 1989, டோக்கியோ பங்குச்சந்தை உச்சத்தில் இருந்த ஆண்டு. ஊக்கபானமான ரீகெய்னின் விளம்பரத்தில் கோட் சூட் போட்ட அலுவலகக்காரர் உலகம் சுற்றுவார், '24 மணி நேரமும் போராட முடியுமா?' என்று ஒரு அணிவகுப்புப் பாட்டு நிமிர்ந்து கேட்கும். நாடே அதைச் சேர்ந்து பாடியது. அப்புறம் பொருளாதாரம் சரிந்தது. 1999இல் அதே பெயரில் வந்த மாத்திரை விளம்பரத்தில், ஆஸ்கர் வாங்கிய ரியூச்சி சகமோட்டோ தனியாகப் பியானோ வாசித்தார். களைத்துப்போன எல்லோருக்கும் இந்த இசை என்றது விளம்பரம். குரலே இல்லாத அந்த இசைத்தட்டு ஓரிகான் என்ற வாராந்தர இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெறும் வாத்திய இசை அங்கே முதலிடம் வந்தது அதுவே முதல் தடவை. 2014இல் பழைய அணிவகுப்புப் பாட்டையே திரும்ப எடுத்து, 24 மணி நேரம் போராடுவதெல்லாம் சிரமம், 3, 4 மணி நேரம் முடியுமா என்று வரியை மாற்றிப் பாடினார்கள். மூன்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் பேசலாம்.