லேப் டெக்னீசியன் படிப்பு: பணம் கட்டும் முன் ஆய்வகத்தைப் பாருங்கள்

பிளஸ் டூவில் உயிரியல் படித்த மகளை, வீட்டுக்குப் பக்கத்தில் 'ஆறே மாதத்தில் லேப் டெக்னீசியன்' என்று விளம்பரம் செய்யும் இடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தச் சான்றிதழை நம்பி அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பெரிய மருத்துவமனைகளும் அதை மதிப்பதில்லை.

அவர் முன் இருக்கும் நல்ல வழிகள் இரண்டு. ஒன்று, இரண்டு ஆண்டு டி.எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ. மற்றொன்று, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும், அதே துறைப் பட்டப்படிப்பான பி.எஸ்சி. எம்.எல்.டி. இதில் மூன்று ஆண்டு படிப்பு, பிறகு ஓராண்டு பயிற்சி. அரசு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் பட்டப்படிப்பே மேல். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் டிப்ளமோ.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர்? கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா, மூலையில் தூசி படிந்து கிடக்கிறதா? எந்த மருத்துவமனையில், வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி? இதற்கு நேரான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

இவ்வளவு கேட்கச் சொல்வதற்குக் காரணம், இது கையால் கற்கும் தொழில். ரத்தம் உறைதல் சோதனைக்கான வெளிர்நீல மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருந்தால், ரத்தம் சரியாக 2.7 மில்லி வேண்டும். பாதிதான் நிரம்பியது என்றால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் தாமதமாக உறைவதுபோல் முடிவு காட்டும். ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ., இதுவும் உறைவதைத் தடுக்கும் மருந்துதான். அதிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை, பொட்டாசியம், கால்சியம் போன்றவற்றை அளக்கும் சிவப்பு மூடிக் குழாய்க்கு ஊற்றிச் 'சமாளித்தால்' பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். நன்றாக இருக்கும் நோயாளிக்கு வேண்டாத மருந்து போகும். அதனால்தான் ரத்தம் எடுக்கும்போது வெளிர்நீலம், சிவப்பு, ஊதா என்ற வரிசையை மாற்றக்கூடாது.

நுண்ணுயிரியலிலும் இதே கதைதான். பாக்டீரியாவை நிறத்தால் இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் சாயத்தில் ஆல்கஹால் ஊற்றிக் கழுவும் சில நொடிகள்தான் முக்கியம். கூடுதலாகக் கழுவினால் ஊதாவாகத் தெரிய வேண்டிய பாக்டீரியா இளஞ்சிவப்பாகத் தெரியும்; அதைப் பார்த்து எழுதப்படும் ஆன்டிபயாட்டிக்கும் தவறாகும். புத்தகத்தில் படித்து இது வராது, ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுப் பழக வேண்டும். நிறங்களைப் பிரித்தறிவதில் மகளுக்குச் சிக்கல் உண்டா என்று ஒரு கண் மருத்துவரிடம் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வேலை என்று வந்தால், அரசு இடங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், இரவுப் பணியும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துச் சேரட்டும். தினமும் கன்ட்ரோல் மாதிரி, அதாவது விடை முன்பே தெரிந்த மாதிரி ஓட்டி, முடிவைச் சரிபார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

கல்லூரி திறக்கும்வரை காத்திராமல், ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி மகளுக்கு முழுதாகப் போடப்பட்டதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் முதல் ஊசி இன்று, அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவைச் சோதிக்க வேண்டும்; லிட்டருக்கு 10 யூனிட்டுக்குக் குறைந்தால் மருத்துவர் மறுபடி போடச் சொல்வார்.