போன் அடிக்காத வீடு

கேள்வி: மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. வேலையில் இருந்தவரை ராத்திரி பகல் பார்க்காமல் போன் அடிக்கும். இப்போது அடிப்பதே இல்லை. ராத்திரி கரண்ட் போனால் எழுந்து உட்கார்ந்து, எந்த ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் லைன்) என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆபீசுக்கு போன் பண்ணிவிட்டேன். புதிதாக வந்த பையன், "சார், நாங்க பாத்துக்கறோம், நீங்க தூங்குங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. பகலில் மனைவிக்கும் எனக்கும் சண்டை. அடுப்படி அலமாரியை ஒழுங்கு பண்ணிக் கொடுத்தேன், அதற்கும் கோபம். மகன் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான். வாக்கிங், கோயில், டிவி எல்லாம் பார்த்தாயிற்று. பொழுது போகவில்லை. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பண்ருட்டி

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தப் பையன் சொன்ன வார்த்தை எனக்கும் உறைத்தது.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, 2017 மே மாதம் ஓய்வு பெற்றேன். அப்போது 58 வயதில் அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்த ஜூனில் பள்ளி திறந்த அன்று முதல் மணி அடித்தது, நான் கையில் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நிற்கிறேன். பழக்கதோஷத்தில் தயிர்சாதம் பிசைந்து, ஊறுகாயைத் தனியாக மடித்து வைத்து, டப்பாவை மூடியும் ஆகிவிட்டது. அந்தச் சாதத்தைப் பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அதனால், பொழுது போகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் வேறு மாதிரி படிக்கிறேன். 34 வருடம் யாரோ ஒருவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "சார், எங்க வீட்ல ஒரு பேஸ் இல்ல" என்று ஒரு குரல் வந்தால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்திருப்பீர்கள். இப்போது யாரும் கூப்பிடவில்லை. அதை வாக்கிங்கால் ஈடுகட்ட முடியாது. வாக்கிங் போகாவிட்டால் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லையே.

அப்புறம் எனக்கு எப்படிச் சரியானது என்று சொல்கிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர ஆரம்பித்தேன். முதலில் மூன்று பேர்தான். ஒரு வாரம் காய்ச்சலில் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு வாண்டு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், போன வாரம் ஏன் வரல?" என்று கோபமாகக் கேட்டது. அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும். இன்ன கிழமை, இன்ன மணி, நீங்கள் போகாவிட்டால் கேட்க ஓர் ஆள்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். அடுப்படி அலமாரியை அடுக்கிக் கொடுத்தது நல்லெண்ணம்தான், ஆனால் அது உங்கள் மனைவியின் ஆபீஸ். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் கடுகு டப்பா கிடைக்கும்படி அவர் முப்பது வருடமாக அமைத்து வைத்த இடம். புதிதாக வந்த உதவிப் பொறியாளர் உங்கள் ஸ்டோரை ஒரே நாளில் மாற்றி அடுக்கியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னொன்று, வேலையெல்லாம் முடிந்து பத்தரை, பதினொரு மணிவாக்கில் பல வீடுகளில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். காலை நீட்டி உட்காருவார்கள், பக்கத்து வீட்டு அக்காவோடு பேசுவார்கள், சும்மா படுத்திருப்பார்கள். நீங்கள் வீட்டில் இருந்து காபி கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து அது போயிற்று. அவர் வாயைத் திறந்து சொல்லமாட்டார், சண்டைதான் வரும். பத்திலிருந்து பன்னிரண்டரை வரை வெளியே இருங்கள். அலமாரியைப் பழையபடி வைக்க அவர் சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுங்கள்.

வெளியே போய் என்ன செய்வது? முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. இருநூறு பக்கம், கெட்டி அட்டை போட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் உங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தபோது லைனை நிமிர்த்திய தலைமுறை நீங்கள். எந்தக் கம்பம் ஏரிக்கரையில் மண் இளகிச் சாயும், லைனைத் துண்டிக்கும் எந்த ஏ.பி. சுவிட்ச் மழையில் இறுகிக்கொள்ளும், எந்தப் புளியமரக் கிளையை ஐப்பசிக்கு முன்னால் வெட்டியே ஆகவேண்டும், எந்தக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் அணைத்து வைத்த லைனுக்குள் திருப்பிக் கரண்ட் ஏற்றும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அந்தக் கடைசி விஷயம், கம்பத்தில் ஏறுகிற பையனின் உயிர் விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபீடர் ஃபீடராக எழுதுங்கள். முடிந்ததும் உங்களைத் தூங்கச் சொன்ன அந்தப் பையன் கையில் கொடுங்கள். ராத்திரி அவனைக் கூப்பிடாதீர்கள். சந்தேகம் வந்தால் அவன் உங்களைக் கூப்பிடட்டும். அவன் கூப்பிடுவான் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் தெரு. மழைக்காலம் வந்தால் துணி காயப்போடும் கம்பியில் ஷாக் அடித்து இறந்த செய்தி வருடா வருடம் வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்குச் சர்வீஸ் வயர் இறங்கும் இரும்புக் குழாயிலேயே கம்பியைக் கட்டியிருப்பார்கள். உள்ளே வயரின் மேல்தோல் உரிந்திருக்கும், ஈரத் துணியோடு ஓர் அம்மா கையை வைப்பார். அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டுக் குழாயைத் தொடாமல் நைலான் கயிறு கட்டச் சொன்னால் போதும், ஓர் உயிர் தப்பும். நாங்கள் சொன்னால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார்கள், ஃபோர்மேன் சொன்னால் கேட்பார்கள். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் லைனை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை யாராவது மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்களா, எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்களா, கிரைண்டர் பிளக்கில் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டுச் சொருகியிருக்கிறார்களா என்று வாரம் நாலு வீடு பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை என்று ஊரில் சொல்லிவையுங்கள், தேடி வருவார்கள். மாடியில் சோலார் போட 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு, யாரை நம்புவது என்று தெரியாமல் இருப்பவர்களும் வருவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. கம்பத்தில் ஏறக்கூடாது, லைனைத் தொடக்கூடாது. "சார், ஒரு ஃபியூஸ்தானே, போட்டு விட்டுடுங்க" என்று கெஞ்சினாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்கான அதிகாரமும் இப்போது உங்களிடம் இல்லை, பின்னால் நிற்க ஆளும் இல்லை. கைக்கு வேலை வேண்டுமென்றால் பக்கத்து ஐ.டி.ஐ.யில் போய்ப் பேசிப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன், வயர்மேன் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. அங்கே சர்க்யூட் வரையத் தெரிந்த பிள்ளைகள் நிறைய, மழை ராத்திரியில் அறுந்த லைன் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு. மாதம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

சென்னைக்குப் போவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள், பேரப்பிள்ளை இருந்தால் இருபது நாள். வீட்டைக் காலி செய்யும் பேச்சை ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம். கைக்கு வந்த பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கிறாரே என்று பார்ட்னராகக் கூப்பிட ஆள் வருவார்கள். தபால் நிலையத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அங்கே போட்டுவிட்டேன் என்று சொன்னால் வந்தவர் எழுந்து போய்விடுவார்.

ராத்திரி கரண்ட் போய் விழிப்பு வந்தால் விளக்கு வரும்வரை சும்மா படுத்திருக்க உங்களால் முடியாது, அது எனக்குப் புரிகிறது. தலைமாட்டில் டார்ச்சையும் அந்த நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபீடர், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, உங்கள் கணக்குப்படி எங்கே கோளாறு என்று எழுதிவிட்டுப் படுங்கள். ஐப்பசி வருவதற்குள் பாதி நோட்டு நிறைந்துவிடும். அந்தப் பையனிடம் கொடுத்ததும் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.