வலி மாத்திரைக்கு முட்டி எங்கே என்று தெரியாது

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. செம்பூரில் எங்களோடு இருக்கிறார். பல வருடமாக பிபி, சுகர் இரண்டும் உண்டு. காலையில் டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. சுகருக்கு இரண்டு வேளை மெட்ஃபார்மின் 500. ஒன்றரை மாதமாக முட்டி வலி என்று கெமிஸ்டிடம் கேட்டு அசெக்ளோஃபினாக், பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரையைத் தினமும் இரண்டு போடுகிறார். கூடவே வெறும் வயிற்றில் ஒரு பான்டப்ரசோல். வலி குறைந்துவிட்டது. ஆனால் 130-ல் இருந்த பிபி இப்போது 158 காட்டுகிறது, சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. பிபி மாத்திரை உடம்புக்குப் பழகிப்போய்விட்டதா? டோஸை ஏற்றச் சொல்லலாமா? இன்னொன்று, முட்டியில்தான் வலி என்று மாத்திரைக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

மாத்திரைக்குத் தெரியாது. விழுங்கியது குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகிற இடமெல்லாம் போகிறது. முட்டிக்குப் போகிற அதே மருந்து இரைப்பைக்கும், சிறுநீரகத்துக்கும், இதயத்துக்கும் போகிறது. முட்டியில் அது செய்யும் வேலை உங்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே வலி இருந்தது. மற்ற இடங்களிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது தெரிவதற்கு நாளாகும்.

என்ன வேலை அது? அடிபட்ட அல்லது அழற்சி வந்த இடத்தில் நம் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். அதைத் தயாரிக்கும் நொதியை அசெக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் தடுத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அது இப்படித்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-ல். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் வலிக்காக மட்டும் இல்லை. இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். அதனால்தான் இந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்குகின்றன. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான், மருந்து ரத்தம் வழியாக வயிற்றுச் சுவருக்கு வந்துவிடும். பான்டப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைப்பதால் வயிறு ஓரளவு தப்பிக்கிறது. ஆனால் அந்த ஒரு மாத்திரை போட்டுவிட்டால் போதும், வலி மாத்திரையால் எந்தக் கெடுதலும் வராது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. சிறுநீரகத்தைக் காக்க பான்டப்ரசோலால் முடியாது.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் கவலைப்படுவது சிறுநீரகத்தைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்கு உண்டு. வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்குகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுவது போல, வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் அப்படிக் கிடைக்கிறது. டெல்மிசார்டன் செய்வது அந்த ஹார்மோனைத் தடுப்பது. வெளியே போகும் குழாய் தளர்கிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு நீண்ட நாளில் அது நல்லதுதான். ஹைட்ரோகுளோரோதயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றி ரத்தத்தின் மொத்த அளவைக் கொஞ்சம் குறைக்கிறது. இதுவும் சரிதான், உடம்பு சமாளித்துக்கொள்ளும். இந்த நிலையில் வலி மாத்திரை வந்து உள்ளே வரும் குழாயையும் சுருக்கினால்? வருவது குறைவு, மொத்த அளவும் குறைவு, வெளியே போகும் வழியோ தளர்ந்து கிடக்கிறது. வடிகட்ட அழுத்தமே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். அக்டோபர் வெக்கையில் வியர்த்துக் கொட்டும்போதும், மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து படுக்கும்போதும் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போது பிபிக்கு வருவோம். சிறுநீரகம் உப்பை வெளியேற்றவும் புரோஸ்டாகிளாண்டின் உதவுகிறது. அதைத் தடுத்தால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும். கணுக்கால் வீங்கும், பிபி ஏறும், நீரை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடின் வேகம் மட்டுப்படும். பிபி மாத்திரை பழகிப்போகவில்லை. ஒரு மருந்து இறக்குவதை இன்னொரு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் டாக்டர் நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மும்பைக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலபார் ஹில்லில், பார்சிகள் இறந்தவர்களின் உடலைக் கழுகுகளுக்கு விட்டுவைக்கும் அமைதிக் கோபுரங்கள் பக்கம் ஒரு காலத்தில் கழுகுகள் வட்டமிடும். அவை காணாமல் போனதற்கு முக்கியக் காரணம் மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக். அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன என்று 2004-ல் தெரியவந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. கழுகின் உடம்பைவிட மனித உடம்பு அதை நன்றாகவே தாங்கும், ஒரு மாத்திரையில் பொதுவாக யாருக்கும் அப்படி ஆகிவிடாது. ஆனாலும் கெமிஸ்ட் கவுன்டரில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது போல இந்த மாத்திரையை எடுத்து நீட்டுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

சரி, என்ன செய்வது? வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். பிபி, சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். இரண்டொரு நாளில் டாக்டரைப் பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் உடம்பில் உடையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வடிகட்டும் திறன் குறைந்திருந்தால் அதன் டோஸையும் குறைக்க வேண்டி வரும். சிறுநீர் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கெமிஸ்ட் கொடுத்ததையும் சேர்த்து. வலி மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் 158-ஐப் பார்க்கும் டாக்டர் இன்னொரு பிபி மாத்திரை எழுதக்கூடும். அது அம்லோடிபின் என்றால் அதற்கே கணுக்கால் வீங்கும் குணம் உண்டு. அப்புறம் அந்த வீக்கத்துக்கு ஒரு மாத்திரை. இப்படித்தான் மூன்று மாத்திரை எட்டாகிறது.

முட்டி வலியை அப்படியே விட்டுவிட முடியாது, அதுவும் மாடிப்படி ஏறி இறங்கும் வாழ்க்கையில். கல்லீரல் கோளாறு இல்லையென்றால், டாக்டரைப் பார்க்கும்வரை தனி பாராசிட்டமால் 500 மி.கி. போடலாம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரமாவது இடைவெளி விட்டு. இந்த வயதில் ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் டைக்ளோஃபினாக் ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தோலில் தடவும்போது ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் சுமார் 6 சதவீதம்தான். முட்டி தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நன்றாகவே கேட்கும். பலர் ஒரு சொட்டு தடவிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், அப்படி மூன்று நான்கு வேளை தடவ வேண்டியிருக்கும். 30 கிராம் டியூப் சில நாளில் தீர்ந்துவிடும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு விடாமல் செய்துவந்தால் வலி கொஞ்சம் குறையும்.

நிறுத்திய நாளிலிருந்து காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிபி மாத்திரையின் டோஸை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும்.