வெட்டுப்பட்ட முக நரம்பு பலூன் ஊதினால் வளருமா?

கேள்வி: பைக் விபத்தில் கண்ணாடி கிழித்து, தம்பிக்குக் காதுக்கு முன்னால் முக நரம்பு அறுந்துவிட்டது. மறுநாளே தைத்தார்கள். மூன்று மாதமாகியும் வாய்க்கோணல் போகவில்லை. தினமும் பலூன் ஊதுகிறான், கரண்டும் வைக்கிறோம். நரம்பு சீக்கிரம் வளர மாத்திரை உண்டா?

பதில்: முதலில் பலூனைத் தூக்கிப் போடுங்கள்.

தைத்தவுடன் நரம்பு வயர் மாதிரி ஒட்டி வேலை செய்யாது. வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைந்து வெறும் குழாய்தான் மிஞ்சும், அதற்குள் புது இழைகள் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் ஊர்ந்து வர வேண்டும். காதிலிருந்து வாயோரம் 10 செ.மீ. என்று வைத்தாலே 100 நாள், தையலைத் தாண்டச் சில வாரம் தனி. ஆக, உங்கள் தம்பிக்கு இன்னும் நேரமே வரவில்லை. அசைவு வருவதற்கு முன்பே கன்னத்தின் தொய்வு கொஞ்சம் குறையும், அதைக் கவனியுங்கள்.

வேகப்படுத்தும் மாத்திரை கிடையாது. பி12 குறைவாக இருந்தால் சாப்பிடலாம், அவ்வளவுதான். கரண்டுக்கும் வலுவான ஆதாரம் இல்லை, நான் எழுதித் தருவதில்லை.

பலூன் ஏன் வேண்டாம்? வளர்ந்து வரும் இழைகளில் சில வழி தவறிப் போகும், வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்விடும், அப்புறம் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். முக்கி முக்கிப் பயிற்சி செய்தால் இந்தக் கோளாறு இன்னும் ஊறிப்போகும். அசைவு தெரிய ஆரம்பித்ததும் கண்ணாடி முன் உட்கார்ந்து, உதட்டோரத்தை மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தட்டும்; கண் சுருங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதைப் பழக்கத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுங்கள்.

எனக்குக் கவலை கண்ணைப் பற்றித்தான். தூங்கும்போது இமை இடுக்கில் வெள்ளை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலில் கண்ணீர் சொட்டு மருந்து, இரவில் ஆயின்ட்மென்ட் போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது, இதெல்லாம் கண் மருத்துவரிடம் கேட்டு இன்றே தொடங்குங்கள்.

சரி, ஆறேழு மாதமாகியும் துளி அசைவில்லை என்றால்? அறுவை நிபுணரிடம் போய்விடுங்கள். நரம்பு வராத தசை ஒன்று, ஒன்றரை வருடத்தில் மீட்க முடியாதபடி மெலிந்துவிடும். அதற்குள் மெல்லும் தசையின் நரம்புக் கிளை ஒன்றைக் கன்னத்துக்குத் திருப்பி இணைக்க முடியும். அது பிடித்துக்கொண்டால், கடைவாய்ப் பல்லைக் கடித்துச் சிரிக்கப் பழக வேண்டியிருக்கும்.