சோழமண்டலம் ஓவியர் கிராமம் எப்படி உருவானது?

சென்னைக்கு அருகே ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழ்ந்து படைக்கும் ஊர் இது. பலர் நினைப்பதுபோல் இதை அரசு கட்டவில்லை. செல்வந்தர் எவரும் தானமாகத் தரவுமில்லை. ஓவியர்களே சம்பாதித்து எழுப்பியது.

1960களின் தொடக்கத்தில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிட்டு ஏதோ ஒரு வேலைக்குப் போவது அவரை வாட்டியது. ஓவியம் விற்காது, துணி விற்கும். எனவே அவரும் மாணவர்களும் சங்கமாகச் சேர்ந்து பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உயிர்நாடி இதுதான்: வயிற்றுப்பாட்டுக்குக் கைத்தொழில், மிஞ்சிய நேரம் முழுவதும் கலைக்கு. அந்த வருமானத்தில்தான் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். அன்று அங்கே மணலும் சவுக்கும்தான். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையின் பரபரப்பை வைத்து அந்த இடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

சோழர் நாட்டைக் குறிக்கும் சோழமண்டலம் என்ற பழம்பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் எனப் பலர் அங்கே இயங்கினார்கள். கோடுகளால் கனவுலகம் படைத்த கே. ராமானுஜம் 1973இல் இளம் வயதிலேயே மறைந்தது தாங்க முடியாத இழப்பு. பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் கலையவில்லை. 2009இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பணிக்கரும் அவர் மாணவர்களும் முன்னெடுத்த சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளை அங்கே நேரில் பார்க்கலாம்.